இணைய அழைப்புக்கு எந்தக் கோடெக்? ஜி.711, ஜி.729, ஜி.722, ஓபஸ்: ஓர் ஒப்பீடு

"குரல் வெட்டி வெட்டி வருகிறது. ஜி.711-ஐத் தூக்கிவிட்டு ஜி.729 போடலாமா?" இணையத் தொலைபேசியோடு கொஞ்ச நாள் பழகியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் இதற்குப் பதில் சொல்லியிருப்பார்கள். கேட்பவரின் கணக்கு எளிது. இரண்டும் கோடெக்குகள், அதாவது குரலை எண்களாக்கி அனுப்பி மறுமுனையில் திரும்பக் குரலாக்கும் முறைகள். ஜி.711 விநாடிக்கு 64 கிலோபிட் தின்கிறது, ஜி.729-க்கு 8 போதும். எட்டில் ஒரு பங்கு! மாற்றிவிட்டால் லைன் மூச்சு விடும் என்று நினைக்கிறார்.

நானும் ஒருமுறை அப்படி நினைத்து ஓர் அலுவலகத்தின் போன்களையெல்லாம் ஒரே மாலையில் மாற்றினேன். மறுநாள் காலையில் குரல் முன்பு போலவே வெட்டியது. கூடவே மூக்கடைத்த மாதிரியும் ஆகியிருந்தது. தேடிப் பார்த்தால் ஏதோ ஒரு கணினி வேலை நேரத்தில் கோப்புகளை வெளியே நகலெடுத்துக்கொண்டிருந்தது. குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து போகும் பாக்கெட்டுகள் அந்தக் கோப்புகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. அன்றிலிருந்து யாராவது கோடெக் பெயரைச் சொன்னால், முதலில் எதை வைத்து அளக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

தாமதம். நான் பேசியது எதிராளியின் காதுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம்? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரைப்படி, ஒரு திசையில் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குப் பிரச்சினை இல்லை. 400-ஐத் தாண்டக் கூடாது. நடுவில் இருப்பது பொறுத்துக்கொள்ளும் பகுதி: இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், "சரி, நீங்க சொல்லுங்க" என்று இருவருமே சொல்வார்கள்.

உண்மையான பேண்ட்வித், அதாவது விநாடிக்கு லைனில் எவ்வளவு போகிறது என்பது. கோடெக்கின் பெயரோடு ஒட்டி வரும் எண்ணை நம்பக் கூடாது. கம்பியில் போகும் எண் வேறு.

ஒலித்தரம். இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, குரலின் எந்த அலைவரிசைகளை அனுப்புகிறோம் என்பது. இன்னொன்று, அனுப்பியதை எவ்வளவு சிதைக்கிறோம் என்பது.

பாக்கெட் தொலைந்தால். இணையத்தில் பாக்கெட் தொலையும். தொலைந்த இடத்தைக் கோடெக் எப்படி நிரப்புகிறது?

மறுமுனையில் யார்: ஆப்பா, மேசைப் போனா, சாதாரணத் தொலைபேசியா? என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஆனால் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

## தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

கோடெக்குக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

ஜி.711-இன் சொந்தத் தாமதம் ஒரே ஒரு மாதிரியின் (ஒலியை ஒருமுறை அளந்தெடுத்த எண்) அளவு, அதாவது 0.125 மில்லி விநாடி. ஜி.729-க்கு 15: பத்து மில்லி விநாடிப் பேச்சைச் சேர்த்து வைத்து, அடுத்து வரும் ஐந்தையும் எட்டிப் பார்த்த பிறகே அது சுருக்கத் தொடங்கும். நூறு மடங்கு வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் யாரும் ஒவ்வொரு மாதிரியாக அனுப்புவதில்லை. வழக்கமாக 20 மில்லி விநாடிப் பேச்சு சேர்ந்த பிறகே ஒரு பாக்கெட் கிளம்பும். ஆக, ஜி.711-இல் 20, ஜி.729-இல் 25. ஐந்து மில்லி விநாடிதான் வித்தியாசம்.

இனி வழியில் ஆவதைப் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமார் 5 மில்லி விநாடி எடுக்கும். பத்தாயிரம் கிலோமீட்டர் என்றால் 50. இதைக் குறைக்க எந்தக் கோடெக்காலும் முடியாது. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே போனால் ஏறி இறங்கவே கால் விநாடி ஆகிவிடும். மறுமுனையில் ஜிட்டர் பஃபர் இருக்கிறது: தாறுமாறான இடைவெளியில் வரும் பாக்கெட்டுகளைச் சிறிது நேரம் பிடித்து வைத்து, சீராக ஒலிக்கவிடும் இடம் அது. அதில் 40, 60 என்று போவது சாதாரணம். காதில் புளூடூத் மாட்டியிருந்தால் அதுவும் தன் பங்குக்குப் பல பத்து மில்லி விநாடிகளைச் சேர்க்கும்.

எல்லாவற்றையும் விழுங்குவது ரூட்டரின் வரிசை. வெளியே போகும் வேகம் 1 மெகாபிட், ரூட்டரில் 256 கிலோபைட் பஃபர் என்று வையுங்கள். யாரோ ஒருவர் ஒரு வீடியோவை மேலேற்றி அந்தப் பஃபரை நிரப்பிவிட்டால், கடைசியில் வந்து நிற்கும் குரல் பாக்கெட் இரண்டு விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். இரண்டு விநாடி! இதற்கு முன்னால் கோடெக்கின் ஐந்து மில்லி விநாடியைப் பற்றிப் பேசுவது வீண்.

எதிரொலியும் இதோடு சேர்ந்தது. தன் குரல் தனக்கே திரும்பி வருவது எப்போதும் நடப்பதுதான். உடனே வந்தால் நமக்குத் தெரியாது. தாமதம் கூடக் கூட அது தனியாகக் கேட்கத் தொடங்கும். "நேற்று வரை எக்கோ இல்லை" என்பவரின் லைனில் பெரும்பாலும் எக்கோ நேற்றும் இருந்திருக்கும். தாமதம் கூடியதால் இன்று காதில் விழுகிறது.

## சுமைகூலிக் கணக்கு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது ஜி.729-க்காகவே சொன்ன மாதிரி இருக்கும். ஒவ்வொரு குரல் பாக்கெட்டுக்கும் முன்னால், முகவரியும் வரிசை எண்ணும் சுமக்கும் ஹெட்டர்கள் ஒட்டிக்கொள்ளும்: ஐபி 20 பைட், யுடிபி 8, ஆர்டிபி 12. மொத்தம் 40 பைட். ஜி.729-இல் 20 மில்லி விநாடிப் பேச்சு வெறும் 20 பைட். சரக்கைவிடப் பெட்டி இரண்டு மடங்கு கனம்.

விநாடிக்கு 50 பாக்கெட் வீதம் ஹெட்டர்கள் மட்டும் 16 கிலோபிட் ஆகின்றன. எனவே 8 கிலோபிட் என்று சொல்லப்பட்டது 24 ஆகிறது. 64 என்று சொல்லப்பட்டது 80 ஆகிறது. எட்டு மடங்கு சேமிப்பு சுமார் 3.3 மடங்காகச் சுருங்கிவிட்டது. ஐபிவி6-இல் ஐபி ஹெட்டரே 40 பைட். குறியாக்கம் சேர்த்தால் வழக்கமாக இன்னொரு 10 பைட். விபிஎன் வழியாக அனுப்பினால் பாக்கெட்டுக்கு 50 பைட்டுக்கு மேலும் கூடலாம். இவை எல்லாம் எல்லாக் கோடெக்குக்கும் ஒன்றே என்பதால், சுருக்கத்தின் லாபம் மேலும் மேலும் கரையும்.

பாக்கெட்டைப் பெரிதாக்கினால்? ஜி.729-ஐ 40 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட்டாக அனுப்பினால் 24 கிலோபிட் 16 ஆகும். பதிலுக்குத் தாமதம் 20 கூடும். ஒரு பாக்கெட் தொலைந்தால் இரண்டு மடங்கு பேச்சு போகும். 10-க்குக் குறைத்தால் தாமதம் மிச்சம், ஆனால் அதே 8 கிலோபிட் குரலுக்கு 40 கிலோபிட் செலவு.

வைஃபையில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே பாக்கெட்டின் நீளத்தைவிட, காற்றலையில் பேச முறை கிடைப்பதற்கே அதிக நேரம் போகிறது. 60 பைட் பாக்கெட்டும் 200 பைட் பாக்கெட்டும் ஏறத்தாழ ஒரே அளவு நேரத்தைப் பிடிக்கும். வைஃபை நெரிசலுக்கு மருந்தாக ஜி.729 போடுவதில் பயன் மிகக் குறைவு.

## ஜி.711: சுருக்காத பெரியவர்

1972-இல் வந்தது. விநாடிக்கு 8000 மாதிரி, மாதிரிக்கு 8 பிட். சுருக்கம் என்று சொல்ல ஒன்றுதான் உண்டு: மெல்லிய ஒலிக்கு நுணுக்கமான படிகள், உரத்த ஒலிக்குப் பெரிய படிகள். இந்தப் படிகளை அமைக்கும் முறைக்கு வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா, மற்ற இடங்களில் ஏ-லா.

இதன் பலம் எளிமையில் இருக்கிறது. எந்தப் போனிலும், இணையத்தையும் தொலைபேசியையும் இணைக்கும் எந்தக் கேட்வேயிலும், உலாவியிலிருந்தே பேச உதவும் வெப்ஆர்டிசியிலும் கட்டாயமாக இருக்கும். சாதாரணத் தொலைபேசி வலையமைப்பின் மொழியும் இதுவே. அங்கே போகும் அழைப்பில் யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஃபேக்ஸ் சத்தமும், காத்திருக்கும்போது ஒலிக்கும் இசையும், எண் பொத்தானின் டோனும் சேதமில்லாமல் போகும்.

மறைந்திருக்கும் செலவு தொலைந்த பாக்கெட்டில் வருகிறது. சிறிய போன்கள் சில, தொலைந்த இடத்தில் வெறும் மௌனத்தை வைத்துவிடும். நூற்றுக்கு ஒரு பாக்கெட் போனாலே காதில் உறுத்தும். 1999-இல் இதற்கென ஓர் இழப்பு மறைப்பு முறை பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. அது இருக்கும் கருவியில் அதே இழப்பு ஏறக்குறைய தெரியாமலே போய்விடும். "ஜி.711 கெட்டது" என்று முடிவு கட்டுமுன் உங்கள் கருவியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

தரத்தைப் பொறுத்தவரை, 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். அந்த ஒலிகளைப் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் 3400-க்கு மேலே இருக்கிறது.

## ஜி.729: சிக்கனக்காரர்

1996-இல் வந்தது. இது ஒலியை அப்படியே அனுப்புவதில்லை. தொண்டையும் வாயும் ஒரு வடிகட்டி, உள்ளே ஒரு தூண்டல் என்று பேச்சைப் பிரித்து, எந்த வடிகட்டி, எந்தத் தூண்டல் என்ற குறிப்பெண்களை மட்டும் அனுப்புகிறது. மறுமுனை அதை வைத்துக் குரலைப் புதிதாகச் செய்கிறது. பத்து மில்லி விநாடிக்கு 80 மாதிரிகள். அவை 80 பிட்டில் அடங்கிவிடுகின்றன. கெட்டிக்காரத்தனமான வேலை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அது மனிதக் குரலுக்காகச் செய்த அச்சு. இசையைக் கொடுத்தால் தண்ணீருக்குள் வாசித்த மாதிரி வரும். ஃபேக்ஸ் போகாது, அதற்கு டி.38 என்ற ஃபேக்ஸ் நெறிமுறை தனியாக வேண்டும். எண் பொத்தான் டோன்களை ஒலியாக அனுப்பினால் தானியங்கிக் குரல் பட்டியல் தவறாகப் புரிந்துகொள்ளும். அவற்றை ஒலியாக இல்லாமல், எந்தப் பொத்தான் என்ற குறிப்பாக (ஆர்டிபி நிகழ்வு) தனியே அனுப்பும்படி அமைக்க வேண்டும். பின்னணியில் இரண்டு பேர் பேசினாலே இதற்குக் குழப்பம்.

பெரிய மறைமுகச் செலவு கோடெக் மாற்றம், அதாவது வழியில் ஒரு கோடெக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. இ-மாடல் என்ற தரக் கணக்கில் சாதாரண அலைவரிசை அழைப்பு ஒன்றின் உச்ச மதிப்பு வழக்கமாக 93.2. ஜி.729-இன் எளிமையாக்கிய ஏ வடிவம் அதிலிருந்து 11 புள்ளி எடுத்துக்கொள்ளும். சுமார் 82, நல்ல தரம்தான். ஆனால் கிளை அலுவலகத்திலிருந்து ஜி.729-இல் வந்த அழைப்பை நடுவில் ஜி.711 ஆக்கி, மறுபடி ஜி.729 ஆக்கி அனுப்பினால் 22 போகும். 71-க்கு வந்தாயிற்று, அதிருப்தி தொடங்கும் இடம் அது. செல்போன், குரலஞ்சல், கான்ஃபரன்ஸ் பாலம் என்று இடையில் வருபவை எல்லாம் தங்கள் பங்கைச் சுரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சர்வரின் செயலியும் உழைக்க வேண்டும்.

பேச்சில்லாத இடத்தில் அனுப்புவதை நிறுத்தும் பி பின்னிணைப்பைப் போட்டால் இன்னும் மிச்சமாகும் என்பார்கள். ஆகும்தான். ஆனால் சொல்லின் முதல் எழுத்து அறுபட்டு வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். நான் அணைத்தே வைப்பேன்.

உரிமக் கட்டணம் என்ற பழைய தலைவலி 2017 தொடக்கத்தோடு தீர்ந்தது.

## ஜி.722: அலுவலகத்துக்குள் நல்ல குரல்

ஜி.711-ஐப் போலவே 64 கிலோபிட், அதே 80 கிலோபிட் செலவு. ஆனால் 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 1988-இலேயே வந்துவிட்டது என்பதை நினைத்தால் இத்தனை ஆண்டுகள் இதை ஏன் யாரும் சீண்டவில்லை என்று தோன்றுகிறது. மேசைப் போன்கள் பலவற்றில் இது சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறது. முன்னுரிமைப் பட்டியலில் மேலே ஏற்றினால் போதும். கூடுதல் பேண்ட்வித் இல்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

வெளித் தொலைபேசிக்குப் போகும் அழைப்பில் இதன் பயன் பூஜ்யம். நடுவில் ஜி.711 ஆக்கியே தீர வேண்டும். ஒரு சின்ன விநோதமும் உண்டு: இதன் மாதிரி வேகம் 16,000, ஆனால் அழைப்பு அமைக்கும் செய்தியில் 8000 என்றுதான் இருக்கும். பழைய தரநிலையில் நேர்ந்த பிழை, பொருத்தம் கெடாதிருக்க அப்படியே விட்டுவிட்டார்கள். லாக் பார்த்துப் பதற வேண்டாம்.

## ஓபஸ்: வளைந்து கொடுப்பவர்

2012 செப்டம்பரில் ஆர்எஃப்சி 6716 என்ற இணையத் தரநிலையாக வெளியானது. ஸ்கைப்பின் சில்க், சிஃப் அமைப்பின் செல்ட் என்ற இரண்டு கோடெக்குகளும் சேர்ந்து பிறந்தது. 6 முதல் 510 கிலோபிட் வரை, அழைப்பு நடக்கும்போதே ஏறி இறங்கும். துண்டு 2.5 மில்லி விநாடியிலிருந்து 60 வரை. பேச்சு, இசை இரண்டையும் சமாளிக்கும். 24 கிலோபிட்டில் வைத்தால் ஹெட்டரோடு 40, ஜி.711-இன் பாதிச் செலவில் அதைவிட நல்ல குரல். காப்புரிமைக் கட்டணமும் இல்லை. வெப்ஆர்டிசியில் கட்டாயம்.

பாக்கெட் இழப்பில் இதன் திறமை தனி. முந்தைய துண்டின் சிக்கன நகல் ஒன்றை அடுத்த பாக்கெட்டில் ஒளித்து அனுப்ப முடியும். ஒன்று தொலைந்தால் அடுத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதற்கு அடுத்த பாக்கெட் வரும்வரை ஜிட்டர் பஃபர் பொறுத்திருக்க வேண்டும், கொஞ்சம் பேண்ட்வித்தும் கூடும். சில மென்பொருள்களில் இந்த வசதியை வேலை செய்யச் சொல்லிக் கேட்டால்தான் செய்யும். 2024-இல் வந்த 1.5 பதிப்பில் நரம்பியல் வலை கொண்டு இழப்பை நிரப்பும் முறைகளும் சேர்ந்தன.

குறைகள்? பழைய மேசைப் போன்களில் இருக்காது. தொலைபேசி வலையமைப்புக்குப் போகும்போது ஜி.711 ஆக்க ஒரு சர்வர் வேண்டும், நூறு அழைப்பு என்றால் அதற்கேற்ற செயலியும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பிட் வீதம் பேச்சுக்கேற்ப மாறும்போது பாக்கெட்டின் அளவும் மாறும். குறியாக்கம் செய்திருந்தாலும் அந்த அளவுகளை வைத்தே சொல்லப்பட்ட சொற்றொடர்களை ஊகிக்க முடியும் என்று 2008-இல் ஆய்வாளர்கள் இன்னொரு கோடெக்கில் காட்டினார்கள். ரகசியம் முக்கியம் என்றால் ஓபஸை நிலையான பிட் வீதத்தில் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

20 மில்லி விநாடிப் பாக்கெட், ஐபிவி4, குறியாக்கம் இல்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு.

| | ஜி.711 | ஜி.729 | ஜி.722 | ஓபஸ் |
|---|---|---|---|---|
| குரல் மட்டும் (கிலோபிட்) | 64 | 8 | 64 | 24 (நாம் வைப்பது) |
| ஹெட்டருடன் (கிலோபிட்) | 80 | 24 | 80 | 40 |
| 1 மெகாபிட்டில் எத்தனை அழைப்பு | 12 | 41 | 12 | 25 |
| மேல் எல்லை (ஹெர்ட்ஸ்) | 3400 | 3400 | 7000 | பிட் வீதத்தைப் பொறுத்து 20,000 வரை |
| அனுப்பும் முனையின் தாமதம் (மில்லி விநாடி) | 20 | 25 | 20-ஐச் சற்றே தாண்டும் | 26.5 |
| இசை, ஃபேக்ஸ் | இரண்டும் போகும் | இரண்டும் கெடும் | இசை சரி | இசை நன்று |
| பாக்கெட் இழப்பு | மறைப்பு முறை இருந்தால் நன்று | சுமார் | சுமார் | மிக நன்று |

தாமத வரியைப் பாருங்கள். நான்குக்கும் இடையே 6.5 மில்லி விநாடிதான் வித்தியாசம்.

ஐஎல்பிசி என்ற இன்னொரு கோடெக்கைச் சிலர் கேட்பார்கள். ஒவ்வொரு துண்டும் தன்னளவில் முழுமையானது என்பதால் ஒன்று தொலைந்தால் அடுத்ததைக் கெடுக்காது, 13.33 அல்லது 15.2 கிலோபிட். அதன் காலத்தில் நல்ல யோசனை. ஓபஸ் இருக்கும் இடத்தில் தேவையில்லை. ஏஎம்ஆர் அகல அலைவரிசைக் கோடெக் செல்பேசி வலையமைப்பின் விஷயம். அங்கே தேர்வு நம் கையில் இல்லை.

## யாருக்கு எது

இரு முனையும் ஆப் அல்லது உலாவி என்றால் ஓபஸ். யோசிக்கவே வேண்டாம்.

அழைப்புகளில் பெரும்பங்கு சாதாரணத் தொலைபேசி எண்களுக்குப் போகிறது, லைனும் தாராளம் என்றால் ஜி.711. ஓபஸில் அனுப்பினாலும் வழியில் ஜி.711 ஆகத்தான் போகிறது. ஆனால் பேசுபவர் செல்பேசி டேட்டாவிலோ நம்பகமில்லாத வைஃபையிலோ இருந்தால், அவரிடமிருந்து சர்வர் வரை ஓபஸும் அங்கிருந்து ஜி.711-உம் வைப்பது பலன் தரும். கடினமான பகுதியை ஓபஸ் கடந்துவிடும்.

ஒரே கட்டடத்தில் மேசைப் போன்கள்: உள்ளே ஜி.722, வெளியே ஜி.711.

ஜி.729-க்கு என்ன மிச்சம்? குறுகிய, விலை அதிகமான லைனில் ஒரே நேரத்தில் பல அழைப்புகள் போக வேண்டும், இரு முனையும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, கருவிகளில் ஓபஸ் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் போடுங்கள். செயற்கைக்கோள் இணைப்பில் உள்ள பழைய கருவிகள் நல்ல உதாரணம். ஒரு மெகாபிட்டில் 12 அழைப்புக்குப் பதில் 41 என்பது அங்கே பெரிய விஷயம்.

குரல் வெட்டுவதால் மாற்ற நினைப்பவர்கள் மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். யாரும் எதுவும் செய்யாத நேரத்தில் பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பெரிய கோப்பை மேலேற்றிக்கொண்டே திரும்ப ஓட்டுங்கள். 30 இருந்தது 300 ஆகிறதா? அப்படியானால் கோடெக்கைத் தொடாதீர்கள். ரூட்டரில் வெளியேறும் வேகத்தை லைனின் வேகத்தைவிடப் பத்து சதவீதம் குறைத்து வைத்து, குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். எண் அசையாமல் இருந்தும் குரல் வெட்டினால், போனை வைஃபையிலிருந்து கழற்றிக் கம்பியில் போட்டு ஒருநாள் பாருங்கள். அதன் பிறகும் வெட்டினால் மேலே உள்ள ஒப்பீட்டுப் பட்டியலுக்குத் திரும்பி வரலாம்.